வண்டி நுழையாத தெரு

மார்ச் 2

மாத்திரைக்கு,

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும், "கடையில கூட்டமா இருக்கு அண்ணி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. மருந்துக்கடையில் எந்நேரமும் கூட்டம் என்றால் உன் ஊரில் எல்லாரும் சீக்காளிகளா என்ன? அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். என் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். டாக்டர்கள் கிறுக்குவதையே படிக்கிறவள் நீ, இதைப் படிக்காமல் விட்டுவிடுவாயா?

வருகிற மே பதினேழோடு உன் புருஷன், என் தம்பி போய் ஒரு வருஷம். நேற்று தெருச் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். என் வீட்டுக்காரர், அதான் உன் அண்ணன், தலைவர் என்பதால் எங்கள் வீட்டு ஹாலிலேயே நடந்தது. நாற்காலி பற்றாமல் பாதிப் பேர் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பேக்கரிக்காரர் பேச எழுந்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கல்லாவுக்கு மேலே இன்னும் தம்பி படம்தான் இருக்கிறது. தினமும் மாவுத் தூசியைத் துடைக்கிறார். தீப்பிடித்த அன்று தம்பி ஜன்னல் வழியாக இறக்கிவிட்டானே, சோபாப் பட்டறைக்காரரின் அம்மா, அந்தக் கிழவி, "என்னை எறக்கிவிட்ட புள்ள எங்க போச்சு?" என்று இன்னும் கேட்கிறாளாம். சொன்னால் அழுகிறாள். மறுநாள் மறந்துவிட்டுத் திரும்பக் கேட்கிறாள். இப்போது யாரும் சொல்வதில்லை, டியூட்டிக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிவிடுகிறார்கள்.

கடைசியில் எல்லாரும் ஒரு மனதாக முடிவு செய்தது இது. தெருவாசல் வளைவுக்குத் தம்பி பெயரை வைப்பது. அதில் இருக்கும் 'நல்வரவு' என்பதை எடுத்துவிட்டு, எஃகு எழுத்தில் அவன் பெயர். பக்கத்தில் சீருடையில் அவன் படம். அவன் நினைவு நாளன்று திரைத்துணியை இழுத்துத் திறந்து வைக்க வேண்டியது நீ. வேறு ஆளைக் கூப்பிடலாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

நீ வீட்டைக் காலி செய்துகொண்டு உன் அக்கா ஊருக்குப் போனதை எனக்கு வீட்டின் சொந்தக்காரர்தான் சொன்னார். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய். கூடப் பிறந்தவள் நான். அவனுடைய ஒரு சட்டையையாவது எனக்கென்று எடுத்து வைக்க உனக்குத் தோன்றவில்லை. அது போகட்டும். என் தம்பி மகள் சின்னவளையும் கூட்டி வா. அவளைப் பார்க்காமல் என் கண் பூத்துப்போயிற்று.

அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

மாத்திரை என்று என்னைக் கூப்பிட்டது அவர். நீங்கள் இனி அப்படி எழுத வேண்டாம். 'உன் அண்ணன்' என்றும் எழுத வேண்டாம். எனக்குக் கூடப் பிறந்தது ஓர் அக்கா மட்டும்தான்.

வளைவு வளைவு என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தால் ஏதோ ராஜா காலத்துக் கோட்டை வாசல் மாதிரி இருக்கிறது. தீயணைப்பு வண்டி நுழைய முடியாமல் நின்றதே, அந்த வளைவைத்தானே சொல்கிறீர்கள்? உங்கள் வீட்டுக்காரர் தன் இரும்புக்கடையிலிருந்து கம்பி கொடுத்துக் கட்டிய அதே வளைவுதானே?

அன்றைக்கு நீங்கள் வீட்டுக்குள் இருந்தீர்கள். வண்டி ஓட்டியவர் என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன். வளைவில் வண்டியின் மேலிருந்த ஏணி முட்டியது. அதற்கு மேல் ஓர் அடி நகரவில்லை. தெரு முழுக்கக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஒன்றோடு ஒன்றை மாட்டி மாட்டி நீட்டியதில், தண்ணீர் தெருக்கோடிக்கு வந்து சேரும்போது செடிக்கு ஊற்றுகிற மாதிரி வந்தது. சோபாப் பட்டறைக்குள் பஞ்சும் ரப்பரும் பிடித்து எரிகிறது. மாடியில் கிழவி. என் வீட்டுக்காரர் தண்ணீருக்குக் காத்திருக்கவில்லை. முகமூடியை மாட்டிக்கொண்டு ஏறினார். கிழவியை ஜன்னல் வழியாக, கை ஏணியில் நின்றவரிடம் கொடுத்தார். தான் இறங்கக் காலைத் தூக்கும்போது மரத்தளம் உள்வாங்கிவிட்டது.

வண்டி பட்டறை வாசல் வரைக்கும் போயிருந்தால் அந்தத் தளம் எரிந்திருக்காது. இதைத் தெரிந்துகொள்ள நான் தீயணைப்புப் பயிற்சிக்குப் போக வேண்டியதில்லை.

கழுத்தை நெரித்த கயிற்றுக்குப் பூச்சுற்றி அவர் பெயரை வைக்கிறீர்கள், அதை நான் வந்து திறந்து வைக்க வேண்டும். இடிக்கிற நாளைச் சொல்லுங்கள், வருகிறேன். கடப்பாரையால் முதல் அடி நானே போடுகிறேன்.

சட்டை கேட்டீர்கள். அவர் சட்டைகளைப் போட்டுக்கொண்டுதான் நான் தூங்குகிறேன். தர மாட்டேன்.


மார்ச் 17

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு மட்டும்தான் துக்கமா? அவன் போன அன்று இந்தத் தெருவில் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆளுக்கொரு அட்டையில் சிவப்பு வண்டி வரைந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போயின. முன்பின் அவனைப் பார்க்காதவர்கள்கூட மழையில் நனைந்துகொண்டு தீயணைப்பு ஸ்டேஷன் வரைக்கும் நடந்தார்கள். நீயும் பார்த்தாய். அதெல்லாம் நடிப்பா? இந்தத் தெரு அவனை அழுத மாதிரி எந்தத் தெரு எந்த மனுஷனை அழுதிருக்கிறது?

வளைவைப் பற்றி இவ்வளவு எழுதுகிறாயே, அதை எதற்குக் கட்டினோம் என்பதை வசதியாக மறந்துவிட்டாய். நெடுஞ்சாலைக்குக் குறுக்கு வழி என்று கனரக லாரிகள் எல்லாம் எங்கள் தெருவில் புகுந்து பறந்தன. தையல்காரர் மகள் காலில் ஏற்றிவிட்டுப் போனானே ஒருவன், அவள் இன்னும் சாய்த்துச் சாய்த்துத்தான் நடக்கிறாள். லாரி நுழையக் கூடாது என்றுதான் தாழ்வாகக் கட்டினார்கள். தீ வரும் என்று யார் கண்டது? விசாரணைக்கு வந்த அதிகாரியும் புகை வேகமாகப் பரவியது, தளம் பழையது என்றுதான் எழுதினார். படித்தவர் எழுதியதைவிட உனக்கு அதிகம் தெரியுமா?

இவர் அன்றிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை. மச்சினனாகவா வளர்த்தார் அவனை, மகனாக வளர்த்தார். அவனுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்ததும் இவர், சீருடைக்கு முதல் ஜோடி பூட்ஸ் வாங்கிக் கொடுத்ததும் இவர். இந்த வளைவுக்கு அவன் பெயரை வைத்தால்தான் இவர் மனசு ஆறும். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சாதே.

உனக்கு ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள். இதை ரொம்பத் தோண்டாதே. கிணறு வெட்டப் போனால் பூதம் கிளம்பும். அது யார் வீட்டுப் பூதமாக இருக்கும் என்று வெட்டுகிறவளுக்குத் தெரியாது.


மார்ச் 25

அண்ணி,

பூதம் என்று எழுதிவிட்டு நிறுத்திவிட்டீர்கள். அந்தப் பூதத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அது எங்கள் சமையலறையில் என் எதிரேதான் உட்கார்ந்து சாப்பிட்டது. இத்தனை நாள் நான் வாயைத் திறக்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

வேலை இல்லாத மதியங்களில் அவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு 'தெரு பார்க்க' போவார்கள். எங்கே திரும்பலாம், எங்கே மின்கம்பி தொங்குகிறது, எங்கே வண்டி முட்டும் என்று ஒவ்வொரு தெருவாக ஓட்டிப் பார்ப்பார்கள். முட்டுகிற இடத்துக்கு இவர் நோட்டீஸ் கொடுப்பார். இடிக்காவிட்டால் ஆள் வைத்து இடிப்பார். பெரிய கடையா, பள்ளிக்கூடமா, கவுன்சிலர் வீடா என்று பார்க்க மாட்டார். ஸ்டேஷனில் அவருக்குப் பட்டப்பெயரே நோட்டீஸ்.

வளைவு கட்டி முடித்த வாரம் உங்கள் தெருவையும் பார்க்க வந்தார். வண்டி வளைவுக்கு முன்னால் நின்றது. உங்கள் வீட்டுக்காரர் வெளியே வந்து, வண்டியில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன மாப்ள, அக்கா வீட்டுக்கே நோட்டீஸா?" என்று சிரித்தார். வண்டியில் இருந்தவர்களும் சிரித்தார்கள். வேறு வழி இல்லாமல் இவரும் சிரித்தார். நீங்கள் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தீர்கள். இவர் டம்ளரை வைக்கச் சமையலறைக்கு வந்தபோது மெதுவாகச் சொன்னீர்கள்: "அத்தான் ரொம்ப ஆசையா கட்டினதுடா. நீயே வந்து கை வெச்சா அவருக்கு மனசு விட்டுப் போயிடும். பாத்துக்கோ."

வார்த்தை மாறாமல் எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்களா? வீட்டுக்கு வந்து சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே அவர் சொன்னார். நான் கேட்டேன், "அப்ப நோட்டீஸ் குடுக்கலையா?"

"குடுக்கணும். அத்தான் முகத்தைப் பாத்தா வாய் வர மாட்டேங்குது."

"வேற யாரையாவது விட்டுக் குடுக்கச் சொல்லுங்க."

"அது இன்னும் கேவலம். வளத்த மச்சினன் ஆள் விட்டு அடிச்சான்னு ஆயிடும். வர்ற மாசம் நானே பக்குவமாப் பேசிக்கறேன்."

பக்குவம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தார். உங்கள் தெருவிலிருந்து அழைப்பு வந்தால் பின்சந்து வழியாக விடச் சொல்லி டிரைவரிடம் சொல்லி வைத்தார். ஊரில் எந்தத் தெருவுக்கும் அவர் இப்படிச் சந்து பொந்து தேடிக் கொடுத்ததில்லை. அன்று முதலில் அந்தப் பின்சந்துக்குத்தான் போனார்கள். யாரோ வீடு கட்ட மணலைக் கொட்டி வைத்திருந்தார்கள். வண்டியைப் பின்னால் எடுத்து, ஊரைச் சுற்றி வந்து, கடைசியில் வளைவுக்கு முன்னால் நின்றார்கள்.

டிரைவர் இதை விசாரணையில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் உங்கள் வீட்டுக்காரரின் முகத்துக்காகச் சும்மா இருந்தார். நாங்கள் அவர் முகத்துக்காகச் சும்மா இருக்கிறோம். இப்படி ஆளுக்காள் முகம் பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த தீக்கு யார் பதில் சொல்வது? சோபாக்காரர் அதே பட்டறையில் திரும்பத் தொழில் ஆரம்பித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பஞ்சு மூட்டை வந்து இறங்கியிருக்கும். லாரியை வளைவுக்கு வெளியே நிறுத்தித் தலையில் சுமந்துகொண்டு போனார்களா?


ஏப்ரல் 6

தம்பியிடம் நான் எதையும் கேட்கவில்லை. சொன்னேன். கேட்பதற்கும் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நோட்டீஸ் கொடுக்காதே என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. புருஷன் மனசு கஷ்டப்படும் என்று தம்பியிடம் சொல்வது குற்றமா? அவன் என்ன வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளையா? கொடுத்திருக்கலாமே. நான் தடுத்தேனா?

உன் கடிதத்தை இவர் படித்துவிட்டார். நான் காட்டவில்லை. மேஜையில் இருந்தது. படித்துவிட்டு மடித்து மேஜையிலேயே வைத்தார். பிறகு சொன்னார்: "அவளை அமைதியா இருக்கச் சொல்லு. அவ பேச ஆரம்பிச்சா நாங்களும் பேச வேண்டி வரும். தெரு பாத்தவன் யாரு? நோட்டீஸ் குடுக்க வேண்டியவன் யாரு? சங்கமா? அவ புருஷன்தானே?"

மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. நடக்கப்போவதைச் சொல்கிறேன்.

ஊர் அவனை வீரன் என்கிறது. அவன் படத்துக்கு முன்னால் நின்று குழந்தைகள் சல்யூட் அடிக்கின்றன. அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். செத்தவனை நீ இன்னொரு தடவை சாகடிக்காதே.


ஏப்ரல் 19

அண்ணி,

நீங்கள் மிரட்டவில்லை, சொல்கிறீர்கள். அன்றும் கேட்கவில்லை, சொன்னீர்கள். உங்கள் வீட்டில் சொல்வதே இவ்வளவு வேலை செய்யும்போது கேட்க வேண்டிய அவசியம் என்ன?

பதில் எழுத இத்தனை நாள் ஆனது கோபத்தால் இல்லை. பயந்துவிட்டேன். உங்கள் வீட்டுக்காரர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். போன வாரம் சின்னவளை வகுப்பில் எழுப்பி நிறுத்தி, இவள் அப்பா யார் தெரியுமா என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். எல்லாரும் கை தட்டினார்களாம். வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றவில்லை, "அப்பா யாருக்குமே பயப்பட மாட்டார் இல்லம்மா?" என்றாள். ஆமாம் என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

எரிகிற வீட்டுக்குள் ஏற அவருக்குப் பயம் இல்லை. தன்னை வளர்த்தவர் முகத்துக்கு நேரே ஒரு காகிதத்தை நீட்டத்தான் பயம். இதை நான் எந்தப் பிள்ளைக்கு எப்படிப் புரிய வைப்பேன்? எனக்கே அவர்மேல் கோபம் வருகிறது. செத்துப்போன மனுஷனோடு சண்டை போட முடிகிறதா? பக்கத்துத் தலையணையைப் பார்த்துத் திட்டுகிறேன். அது பேசாமல் கிடக்கிறது, அவரும் சண்டை வந்தால் அப்படித்தான் கிடப்பார்.

சொன்னால் அவர் பெயர் போகும். சொல்லாவிட்டால் வளைவு அவர் பெயரோடு நிற்கும், அடுத்த வண்டி வந்து அதில் முட்டும், அவரோடு வேலை பார்த்தவர்களில் இன்னொருவர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார். அப்போது அந்த வீட்டுக்காரியும் என்னை மாதிரி ஒரு கடிதம் எழுதுவாள். யாருக்கு எழுதுவாள்? என் புருஷன் பெயர் போட்ட வளைவுதானே அது, எனக்குத்தான் எழுதுவாள்.

வருகிறேன். துணியை நானே இழுக்கிறேன். உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். பேசுவதற்கு மைக் மட்டும் வைக்கச் சொல்லுங்கள்.


மே 21

உனக்குத் திருப்தியா?

நீ பஸ்ஸிலிருந்து இறங்கியபோது ஓடி வந்து சின்னவளை அணைத்துக்கொண்டேனே, அப்போதாவது ஒரு வார்த்தை என் காதில் போட்டிருக்கலாம். நீ புன்னகைத்தாய். நான் ஒரு மடச்சி, மனம் மாறி வந்திருக்கிறாய் என்று நினைத்தேன். முன் வரிசையில் உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உன் கையை வேறு பிடித்துக்கொண்டேன்.

துணியை இழுத்தாய். கை தட்டினார்கள். மைக்கை வாங்கினாய். நீ பேசியதை அப்படியே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் தெருவில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். "இந்த வளைவாலதான் என் வீட்டுக்காரர் செத்தார். வண்டி உள்ள வரல. இது தப்புன்னு அவருக்கு முன்னாடியே தெரியும். நோட்டீஸ் குடுக்க வேண்டியது அவர் வேலை. உங்க தலைவர் அவருக்கு அத்தான், அந்த மரியாதைக்காகக் குடுக்கல. அது அவர் செஞ்ச தப்பு. அதுக்கு உயிரையே குடுத்துட்டார். அவர் பேர் இதுல வேண்டாம். அவர்மேல உங்களுக்குப் பிரியம் இருந்தா இதை இடிங்க." அவ்வளவுதான் பேசினாய். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாய்.

நீ போய்விட்டாய். மிச்சத்தைப் பார்த்தவள் நான்.

ஒருவர் எழுந்து நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார். பேக்கரிக்காரர் கொண்டு வந்திருந்த கேக்கை மட்டும் எல்லாரும் சாப்பிட்டார்கள், வீணாகக் கூடாதாம். சாப்பிட்டுக்கொண்டே பேச்சு ஆரம்பித்தது. "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க இடிச்சிருக்க மாட்டோமா?" என்றார் ஒருவர். "சம்பளம் வாங்கறது எதுக்கு? தெரு பாக்கத்தானே?" என்றார் இன்னொருவர். அவனுக்காக மழையில் நடந்தவர்கள் இவர்கள். சோபாக்காரர், அவன் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய கிழவியின் மகன், "இவ்வளவு நாளா நாம ஏமாந்திருக்கோம்" என்றார். என் காதால் கேட்டேன். கேக் தட்டை அவர் தலையில் கவிழ்க்கத் தோன்றியது. செய்யவில்லை. நான் என்றைக்கு எதைச் செய்தேன்?

மறுநாள் சாயங்காலம் சங்கம் கூடியது. எங்கள் வீட்டில் இல்லை, பேக்கரி மாடியில். திரும்பவும் ஒரு மனதாக முடிவெடுத்தார்கள். ஆள் வந்து உளியை வைத்து எஃகு எழுத்துகளைப் பெயர்த்தான். படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து எங்கள் கதவில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், மணியைக்கூட அடிக்கவில்லை. பழைய 'நல்வரவு' எங்கே கிடந்ததோ, தேடி எடுத்துத் திரும்ப ஒட்டியாயிற்று. பேக்கரிக் கல்லாவுக்கு மேலே இப்போது மாவுக் கம்பெனிக் காலண்டர் தொங்குகிறது.

வளைவு அப்படியே நிற்கிறது. அதை இடிப்பதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆக, நீ கேட்டது நடக்கவில்லை. என் தம்பியை இந்தத் தெருவிலிருந்து துடைத்து எறிந்ததுதான் மிச்சம். இவர் என்னிடம் பேசுவதில்லை. உன்னை வரவழைத்தது நான்தானாம். கேட்பாரில்லாமல் போயிற்று என் பிழைப்பு.


மே 30

அண்ணி,

திருப்தி இல்லை. இந்த ஒரு வாரமாகக் கடையில் இரண்டு பேருக்கு மருந்தை மாற்றி எடுத்துவிட்டேன், முதலாளி பார்த்துத் தடுத்தார். அந்த நிலையில் இருக்கிறேன்.

நான் கணக்குப் போட்டது தப்பு. அவர்மேல் அவர்களுக்கு இருந்த பிரியத்தை நம்பினேன். பொய்யான பிரியம் என்று சொல்ல மாட்டேன், பேக்கரிக்காரர் அழுததை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அழுதவர்களுக்கு ஒரு குறையும் இல்லாத ஆள் தேவைப்பட்டார். குறை இருக்கிறது என்றதும், தங்கள் குறையையும் சேர்த்து அவர் தலையில் கட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவ்வளவு பெரிய வளைவை என் புருஷனுக்குப் பின்னால் மறைத்துவிட்டார்களே.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சின்னவள் கேட்டாள், "அப்பா பொய் சொன்னாரா?" இல்லை, சொல்லாமல் இருந்துவிட்டார் என்றேன். "அது வேறயா?" என்றாள். உங்களைக் கேட்கலாமே என்று தோன்றியது. இந்த வித்தியாசம் எல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுத வந்து, கை போகவில்லை. உங்கள்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் சோபாக்காரர் பேசியதைக் கேட்டு உங்களுக்கும் தட்டைக் கவிழ்க்கத் தோன்றியது என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

டிரைவர் போனில் பேசினார். என் வீட்டுக்காரர் இடத்துக்கு வந்திருக்கும் புது ஆள் நல்ல மாதிரியாம். ஆனால் சங்கத்தோடு மோத வேண்டாம் என்று மேலிடத்தில் சொல்லி வைத்திருக்கிறார்களாம். தெருவில் குடியிருக்கும் யாராவது ஒருவர் எழுதிக் கொடுத்தால்தான் வண்டியோடு வந்து பார்க்க முடியும், பார்த்துவிட்டால் நோட்டீஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறார். வெளியூர்க்காரி நான் கொடுத்தால் செல்லாது. தெருவில் ஒருவர் போதும். ஒருவரும் கொடுக்க மாட்டார்கள் என்று அவரே சொன்னார்.

உங்களைக் கேட்கவில்லை அண்ணி. சொல்கிறேன்.


ஜூன் 22

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

காய்கறி வாங்கி வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு போனேன். அது பொய் இல்லை, திரும்பும்போது வாங்கினேன். ஸ்டேஷன் வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் என்னைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். மேஜையில் இருந்தவர் நாற்காலியைக் காட்டி, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அந்த ஸ்டேஷனில் அவர் என்றால் வேறு யாரும் இல்லை போலிருக்கிறது. நான் அந்தத் தெருவில் குடியிருக்கிறவள் என்று மட்டும் சொன்னேன்.

நேற்று மதியம் வண்டி வந்தது. வளைவுக்கு முன்னால் நின்று ஹாரன் அடித்தார்கள். தெருவே வெளியே வந்துவிட்டது. புது ஆள் இறங்கி அண்ணாந்து பார்த்தார். வண்டியை மெல்ல முன்னால் விடச் சொன்னார், ஏணி முட்டியது, நிறுத்தச் சொன்னார். பைக்குள்ளிருந்து நோட்டீஸை எடுத்துத் தூணில் ஒட்டினார். ரொம்பச் சின்னக் காகிதம்.

இவர் போய், "யாருங்க புகார் குடுத்தது?" என்று கேட்டார். அதைச் சொல்லக் கூடாது என்றார் அந்த ஆள். இவர் திரும்பி ஒவ்வொருவராகப் பார்த்தார். பேக்கரிக்காரர், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார். சோபாக்காரர் கேட்கும் முன்னாலேயே, "சத்தியமா நான் இல்லீங்க" என்றார். எல்லாரையும் பார்த்தார், தையல்காரர் மகளைக்கூடப் பார்த்தார். நான் எங்கள் வாசல்படியில் நின்றிருந்தேன். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. இவ்வளவு வருஷம் குடும்பம் நடத்தி, என்மேல் ஒரு சந்தேகம்கூட வரவில்லை அந்த மனுஷனுக்கு.

"நான்தாங்க குடுத்தேன்" என்றேன்.

இரவே இவர் பாயைச் சுருட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். காலையிலிருந்து தெருவில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கப்போவதாகப் பேக்கரி மாடியில் பேசிக்கொள்கிறார்கள். இடிப்பார்களோ மாட்டார்களோ, எனக்குத் தெரியாது. இடித்தபிறகு நீ வந்து பார்க்க வேண்டும் என்றும் கூப்பிடவில்லை. என்மேல் உனக்குக் கோபம் தீர வேண்டாம். எனக்கே தீரவில்லை.

நான் சொன்னபோது நடந்ததை மட்டும் எழுதி முடிக்கிறேன். ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டேன். இவர் திரும்பி என்னைப் பார்த்தார். முகம் கொஞ்சம் சுருங்கியது. அவ்வளவுதான், வேறு எதுவும் ஆகவில்லை. வானம் இடிந்து விழவில்லை. அந்த முகம் சுருங்கக் கூடாது என்றுதான் அன்று சமையலறையில் தம்பியிடம் அப்படிச் சொன்னேன். அன்றும் இவ்வளவுதான் சுருங்கியிருக்கும்.